வாசம் வந்ததும் இறக்க வேண்டும்

வாசம் வந்ததும் இறக்கிவிடு, அதற்கு மேல் வைக்காதே, வைத்தால் பூவில் இருப்பதெல்லாம் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் கசப்பு என்று அந்தச் சீன மருந்துக்கடைக்காரி படித்துப் படித்துச் சொன்னாள், நானும் பெரிய அறிவாளி மாதிரி தலையாட்டிவிட்டுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், இப்போது மண்சட்டி முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கிறது எனக்கு மூக்கே இல்லை என்று. இருக்கிறது, சிவந்து வீங்கி, தொட்டால் எரிகிற மாதிரி முகத்தின் நடுவில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் உள்ளே யாரோ சிமெண்டு குழைத்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் பல் தேய்த்தபோது பற்பசை வாசம் இல்லை, அம்மாவுக்கு ரசம் வைத்தபோது பெருங்காய வாசம் இல்லை, உலகத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் எனக்கும் வந்துவிட்டது, எனக்கு லேசாக, நிற்க முடிகிற அளவுக்கு, நின்றால் தரை கொஞ்சம் மெத்தென்று இறங்குகிற அளவுக்கு. வெளியே தைப்பிங் மழை. இந்த ஊரில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை, நின்றால்தான் நின்றுவிட்டது என்று சொல்வார்கள். தகரக் கூரையில் விழுகிற மழையும் சட்டிக்குள் கொதிக்கிற தண்ணீரும் ஒரே சத்தமாகக் கேட்கிறது, கண்ணை மூடினால் நான் சட்டிக்குள் நிற்கிறேனா வெளியே நிற்கிறேனா என்றே தெரியவில்லை, மூடக்கூடாது, மூடினால் காலையில் நடந்த மாதிரிதான் நடக்கும். காலையில் முதல் பொட்டலத்தை நாசம் பண்ணினேன். கஷாயம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அம்மா வைக்கிற கஷாயம், எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்ற வேண்டும், வற்றினால்தான் மருந்து, இல்லையென்றால் அது வெந்நீர். கடைக்காரி சொன்னது காதில் இருந்தும் கை தன் பாட்டுக்கு அம்மாவின் கணக்கில் போய்விட்டது, தீயைக் குறைத்து வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன், எழுந்து பார்த்தால் அடியில் தார். சீனக் கடையில் வாங்கிய மருந்தைத் தமிழ்க் கைப்பக்குவத்தில் கெடுக்க இந்த ஊரில் என்னைவிட்டால் ஆள் கிடையாது.

அதனால்தான் இப்போது சிந்தாமணி அக்காவைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பக்கத்து வீடு, பின்பக்கச் சந்தில் அவள் கதவும் எங்கள் கதவும் அடுத்தடுத்து, முப்பது வருஷமாக அவள் வீட்டில் என்ன குழம்பு என்று எங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் என்ன சண்டை என்று அவளுக்குத் தெரியும். காய்ச்சல் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று குடையைப் பிடித்துக்கொண்டு கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், மூக்கை மட்டும் கடன் கொடுத்திருக்கிறாள். "என்னா வாசம் வரணும்மா, சரியா சொல்லு" என்றாள். "பூ வாசம் மாதிரி வரும்க்கா, கொஞ்சம் புதினாவும் வரும்." "எனக்கு லோங்காங் நாத்தந்தான் வருது" என்றாள், சந்தில் ஓடுகிற சாக்கடையைக் காட்டி. "கொஞ்சம் கிட்ட வாங்களேன்." "கிட்ட வந்தா உங்கம்மா நோவு எனக்கு வரும், எனக்கு வந்தா யாரு பாக்கறது, ஒம்மருமகனா?" எனக்கு மருமகன் கிடையாது, கல்யாணமே கிடையாது, அது அவளுக்கும் தெரியும், சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்வாள், அப்படிச் சொல்கிற ஒரு ஆள் பக்கத்தில் நிற்பது இன்றைக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது. அவள் பேசாமல் இருக்கிற நேரத்தில்தான் அம்மாவின் மூச்சு கேட்கிறது. சமையலறைக்கு அடுத்த அறை, கதவு பாதி திறந்திருக்கிறது, மூச்சு ஒரு இழுப்பு இழுத்து, கொஞ்சம் யோசித்து, அப்புறம் விடுகிறது. அந்த யோசிக்கிற இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். டாக்டர் ஃபரிடா காலையில் போனில் சொன்னது இவ்வளவுதான்: மாத்திரை தங்கவில்லை, தண்ணீர் தங்கவில்லை, இந்த வயதில் உடம்பு வறண்டால் காய்ச்சலைவிட அதுதான் ஆளைக் கொல்லும், சாயங்காலத்துக்குள் ஒரு கிண்ணமாவது வயிற்றில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வா, பேச்சு குழம்பினால் சாயங்காலம்வரைகூடக் காத்திருக்காதே. ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அப்பா இருமலோடு அங்கே நடந்து போனார், வேனில் திரும்பி வந்தார், அதற்குப் பிறகு அம்மாவுக்கு அது ஆஸ்பத்திரி இல்லை. பார்லித் தண்ணீர் வேண்டாம், இளநீர் வேண்டாம், ரசம் வேண்டாம், கரண்டியை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள், எண்பது வயதில் அந்த உதட்டுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலமோ. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், அழுதும் பார்த்தேன். மகள் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்.

சட்டிக்குள் மொட்டுகள் எழுந்து எழுந்து அமுங்குகின்றன. மெலிசாக, நீளமாக, பச்சையும் மஞ்சளுமாக, ஒரு நுனி மட்டும் பருத்து. செடியில் வெள்ளையாகப் பூத்து இரண்டு நாளில் மஞ்சளாகிவிடுமாம், ஒரே கொடியில் இரண்டு நிறமும் இருப்பதால் பொன் வெள்ளிப் பூ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதோடு வெடித்துக் காய்ந்த ஏதோ காயின் ஓடு, வேர்த்துண்டு, காய்ந்த புதினா, அதிமதுரம். அதிமதுரத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தவர் ஒருவரைத் தெரியாத ஊரில் பார்த்த மாதிரி இருந்தது. இந்தப் பூவை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துவிடக்கூடாது, பினாங்கில் என் மேசையில் இது தூளாக, சாறாக, பழுப்புத் தண்ணீராகச் சின்னச் சின்னக் குழாயில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. இன்ஃபுளுவென்சா வைரஸை இது தடுக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் சம்பளம் வாங்குகிற வேலை. தட்டில் செல்களை வளர்ப்போம், எப்போதோ செத்துப்போன ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள், நாய் போய்விட்டது, செல்கள் மட்டும் ஊர் ஊராகத் தட்டுத் தட்டாகப் பெருகிக்கொண்டே இருக்கின்றன, பெற்றவள் யாரென்று தெரியாமல் வளர்கிற பிள்ளைகள் என்று ஒருநாள் நினைத்துவிட்டு, அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை. அந்தச் செல்கள்மேல் வைரஸை விடுவோம். சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால் பிழைத்த செல்கள் சாயம் ஏறி நிற்கும், செத்த இடம் வெள்ளையாகப் பொத்தல் பொத்தலாகத் தெரியும், கொசுவலை கிழிந்த மாதிரி. பூச்சாறு விட்ட தட்டில் பொத்தல் குறைவு. முதல்முறை அதைப் பார்த்தபோது குதித்தேன். எங்கள் பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "தட்டுல வைரஸைக் கொல்ல பிளீச் போதும்மா" என்றார். அவர் சொன்னது சரிதான், அந்த மனுஷன் சொன்னது சரியாக இருப்பதுதான் எரிச்சல். தட்டு வேறு, மனுஷ வயிறு வேறு. சாறு வயிற்றில் கரைந்து, ஈரலில் அடிபட்டு, ரத்தத்தில் கலந்து, நெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது அதில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் முழுசாகத் தெரியாது, சில நோயாளிகளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் முன்னால் விட்டது என்று படித்திருக்கிறேன், அந்த ஆய்வுகளில் இருக்கிற ஓட்டைகளையும் நானே விரல்விட்டுக் காட்டியிருக்கிறேன். இவ்வளவு தெரிந்தவள் இங்கே மூக்கடைத்துப்போய்ச் சட்டியைக் கிண்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மாவின் நெஞ்சுக்குள் இப்போது எத்தனை பொத்தல் என்று யோசிக்கிறேன், ஊதாச் சாயம் ஊற்றி அம்மாவைப் பார்க்கிறேன், சேலைகூட ஊதா, அதில் வெள்ளை வெள்ளையாக, இல்லை, அது பூப்போட்ட சேலை, தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது, கண்ணைத் திற, திற. "தூங்கறியா?" என்கிறது கம்பிக் கதவு. "இல்லக்கா." "நின்னுக்கிட்டே தூங்கற நீ. வாசம் இன்னும் வரல."

நானாக இந்தக் கடைக்குப் போகவில்லை, அதைத்தான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாதான் சொன்னாள். முந்தாநாள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன், கண்ணைத் திறக்காமல் சொன்னாள், "உங்க ஆளுங்க மருந்து ஏதாச்சும் இருந்தா பாரேன்." உங்க ஆளுங்க. துணியைப் பிழிந்தேன், திரும்பப் போட்டேன், சரிம்மா என்றேன். உங்க ஆளுங்க. அம்பது வருஷத்தில் ஒருதரம்கூட வராத சொல். இந்த முகத்தைப் பார்த்த எல்லாரும் எதையாவது கேட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், கோயில் வரிசையில், ஏங்க உங்களுக்குத் தமிழ் தெரியுமா, எப்படிங்க இவ்வளவு நல்லா பேசறீங்க, நான் சிரித்து வைப்பேன், பொட்டைச் சரிசெய்துகொள்வேன், பழகிவிட்டது, செருப்பு கடிப்பது பழகுகிற மாதிரி. அம்மா கேட்டதில்லை. யாராவது கேட்டால் அம்மா அடிக்கப் போவாள். கோயிலில் ஒருத்தி சீனப்பிள்ளையா என்று கேட்டதற்கு அர்ச்சனைத் தட்டை அவள் காலில் போட்டுவிட்டு வந்தவள். அவள் வாயிலிருந்து வந்துவிட்டது, காய்ச்சலில்தான் வந்தது, காய்ச்சலில் வருவது உளறலா, இல்லை இத்தனை வருஷம் உள்ளே இருந்து மூடி நழுவியதும் வந்ததா. அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடைக்குப் போனேன், போனதும் அந்தப் பெண் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கேட்டாள், எனக்கு ஒரு சொல் தெரியாது, மலாயில் பதில் சொன்னேன், அவள் என் முகத்தைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், ஓ என்றாள். அந்த ஓவில் எல்லாம் இருந்தது. சின்ன சின்ன மர இழுப்பறைகள் கூரைவரை, ஒவ்வொன்றையும் இழுத்துக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துச் சிவப்புக் காகிதத்தில் கொட்டினாள், யாருக்கு என்று கேட்டாள், அம்மாவுக்கு என்றேன், உன் அம்மாவா என்று இன்னொருதரம் கேட்டாள், ஆமாம் என்று கத்தின மாதிரிச் சொல்லிவிட்டேன், பாவம், அவள் வயதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பாள்.

அந்தக் கடை வாசலில் இதுவரை நான் கால் வைத்ததில்லை. சின்ன வயதில் பாசாருக்குப் போகும்போது அந்த வரிசை வந்ததும் அம்மா தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள், காய்கறிக் கூடை ஒரு கையில், என் மணிக்கட்டு ஒரு கையில், எலும்பு நோகும். எந்தச் சீனத்தியாவது என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டால் போதும், அம்மாவின் நடை ஓட்டமாகிவிடும். தலைக்கு எண்ணெய் வழிய வழிய, நெற்றியில் திருநீறு, கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, கண்ணேறு படாமலிருக்க என்று சொல்வாள், அடையாளம் தெரியாமலிருக்க என்று பெரியவளான பிறகு புரிந்தது. சீனர் கணக்கில் புலி வருஷத்தில் பிறந்த பெண் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்று யாரோ கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் அப்படிக் கொடுத்த பிள்ளைகள் நிறைய, தமிழ் வீடுகளில் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்கிறவர்களும் மகாலட்சுமி வந்த மாதிரி வாங்கிக்கொள்வார்கள். அம்மாவுக்கு மூன்று பிள்ளை பிறந்து பிறந்து போயிருந்தது. ஒருத்தி வந்தாள், துணியில் சுற்றிக் கொடுத்தாள், போய்விட்டாள், அம்மா சொன்ன கதை இவ்வளவுதான், இதற்கு மேல் கேட்டால் அடுப்பில் ஏதாவது தீய ஆரம்பித்துவிடும். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. கொடுத்தவள் எந்த நாளும் வந்து கேட்கலாம் என்கிற பயத்திலேயே அம்மா என்னை வளர்த்தாள், பத்து வயதில், பதினெட்டு வயதில், எனக்கு வேலை கிடைத்துப் பினாங்குக்குப் போனபோதுகூட, கதவைத் தாழ் போட்டுக்கோ, யாரு வந்து நான்தான்னு சொன்னாலும் தொறக்காத என்றாள். நான் சிரித்தேன். முப்பது வயதுக்காரியை யாரும்மா தூக்கிட்டுப் போவாங்க. எனக்கு அந்த இன்னொருத்திமேல் ஆசையும் இருந்ததில்லை, கோபமும் இருந்ததில்லை, எப்போதாவது கண்ணாடியில் சாயங்கால வெளிச்சம் பட்டால் யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த அம்மா போய்விட்டால் என்னை இந்த உலகத்தோடு சேர்த்துக் கட்ட யாரும் இல்லை, அது நிச்சயம், இந்தக் கொதிக்கிற தண்ணீர்போல நிச்சயம். போகாதேம்மா. ஒரு கிண்ணம் குடி. உங்க ஆளுங்க என்றே சொல்லிக்கொள், எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல், குடி.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்று குடை ஆடுகிறது, "மல்லியும் இல்ல, என்னமோ பச்சைப் பூ வாசம், புதினாவும் வருது, எறக்கு, எறக்கு." அடுப்பை அணைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆவி முகத்தில் பட்டது, சூடு, ஈரம், அவ்வளவுதான், ஒரு பூந்தோட்டமே என் முகத்தைத் தடவிக்கொண்டு போயிருக்கிறது, தெரியவில்லை. வடிகட்டினேன், வெளுத்த தேன் நிறம், காலையில் வந்த தாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "குடிச்சாங்களான்னு ஒரு கொரல் குடு" என்றாள் சிந்தாமணி அக்கா, போகாமல் அங்கேயே நின்றாள். கிண்ணம் இரண்டு கையிலும் சுட்டது. அறைக்குள் மழை வெளிச்சம், சாம்பல் நிறம், அதில் அம்மாவின் முகம் தலையணைக்குள் பாதி புதைந்திருந்தது. தலையைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொள்ளலாம் என்று குனிந்தேன், அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபடி என்னை. அப்புறம் பேசினாள், மலாயில்.

அம்மா என்னோடு மலாய் பேசியதே இல்லை. பாசாரில் மீன்காரனோடு, வாடகைக்காரனோடு, சீனர்களோடு பேசுகிற உடைந்த மலாய் அது, வெளியாட்களுக்கு என்று வைத்திருப்பது. "நியோன்யா" என்றாள், சீனத்திகளை அவள் மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். "நியோன்யா, நீ எதைக் குடுத்தாலும் குடிக்கறேன். புள்ளைய மட்டும் திருப்பிக் கேக்காத." பேச்சு குழம்பினால் காத்திருக்காதே என்ற டாக்டரின் குரல் தலைக்குள் கணீரென்று கேட்டது, போன் மேசைமேல் இருந்தது, எட்டினால் எடுத்துவிடலாம். அம்மா, நான்தாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது, மகளென்று தெரிந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். மகளுக்காக ஒரு கரண்டி குடிக்காதவள் பிள்ளையைக் கொடுத்தவளுக்காகக் கிண்ணத்துக்குக் கை நீட்டுகிறாள். நான் மலாயிலேயே சொன்னேன், "கேக்க மாட்டேன். குடிங்க." குடித்தாள். கசப்பில் முகம் சுருங்கியது, நிறுத்தவில்லை, கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே இரண்டு கண்ணும் என்னைவிட்டு நகரவில்லை, எங்கே ஏமாற்றிவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டே மடக்கு மடக்காகக் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். காத்திருந்தேன். ஓங்கரிக்கவில்லை. தங்கிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தாள், "நான் பேரு வெச்சிட்டேன். எம்புருசன் பேரும் சேத்தாச்சு. பால் குடிக்குது, என் மொகத்தப் பாத்துத்தான் சிரிக்குது. ஒனக்கு அடுத்த வருசம் வேற பொறக்கும். எனக்கு இதுதான்" என்றாள். "என்ன பேரு?" என்று கேட்டேன். "மங்களேஸ்வரி" என்றாள். நல்ல பேர் என்றேன். நன்றாக வளருங்கள் என்றேன். நான் போகிறேன், இனிமேல் வரமாட்டேன் என்றேன், என்னைக் கொடுத்துவிட்டுப் போனவள் இதையெல்லாம் சொல்லியிருப்பாளோ, சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்குமோ, எனக்குத் தெரியாது, அவளுக்கும் சேர்த்து நானே சொன்னேன். அம்மா கையை விட்டாள். நான் கதவுவரை பின்னோக்கியே நடந்தேன். அப்போது அம்மா என்னைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் பார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, தமிழில் கத்தினாள், "மங்களா, வெளிய வந்துராத. இந்தப் பொம்பளை போற வரைக்கும் உள்ளயே இரு." நான் சமையலறைக்குள் போனேன். கதவோரம் நின்று, "உள்ளதாம்மா இருக்கேன்" என்று அங்கிருந்து குரல் கொடுத்தேன். "சத்தம் போடாத" என்றாள் அம்மா. அழுகையை வாயில் பொத்திக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.